ஆறு மாத மறியல்

கிளென் ஈடன், ஆக்லாந்து
4 மே 2025

டாக்டர் பாஸ்கரன் அவர்களுக்கு,

நான் வாய் திறக்காமல் இருந்தது போதும். பதினான்கு மாதம் அப்படி இருந்திருக்கிறேன். அதைப் பெருந்தன்மை என்று நீங்கள் நினைத்திருக்கலாம். சம்மதம் என்றே எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பது வெள்ளிக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை இங்கே நூலகத்தில் ஜூலைத் திரைப்பட விழாவின் சிறுநூலைப் புரட்டினேன். பதினோராம் பக்கம். "ஏழாம் கிட்டங்கி, 1929. பேசாப்படக் காலத்துக் குற்றக் கதை. ஜெர்மன், பிரிட்டிஷ் கூட்டுத் தயாரிப்பு. தமிழ் எழுத்து அட்டைகளோடு எஞ்சியிருக்கும் ஒரே பிரதி. கண்டுபிடித்தவர் டாக்டர் பாஸ்கரன்." கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில், கோப்பி கொடுக்கும் கடைக்கும் கார் நிறுத்த இடம் கொடுத்த தேவாலயத்துக்கும் நடுவில், "ஆக்லாந்துத் தமிழ்ச் சமூகத் தொண்டர்கள்" என்று ஒரு வரி. அந்தத் தொண்டர்கள் நான்தான். பன்மை எதற்கு என்று விளங்கவில்லை.

தொலைபேசியில் பேசியிருக்கலாமே என்று கேட்பீர்கள். தொலைபேசியில் உங்களோடு கதைத்தால் ஐந்தாவது நிமிடம் நான்தான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பேன். உங்களுக்கு அந்தத் திறமை இருக்கிறது. தாளில் உங்கள் குரல் இல்லை. பிரதி ஒன்றும் என்னிடம் இருக்கும்.

எது எப்படி நடந்தது என்பது உங்களுக்கு மறந்துபோயிருக்கலாம். மறப்பதில் நான் கெட்டிக்காரன் இல்லை.

2023 பெப்ரவரியில், கோயில் சாப்பாட்டு வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற ஃபிஜி இந்தியப் பெண்மணி ஒருவர், நான் பழைய தமிழ் எழுத்து வாசிப்பேனா என்று கேட்டார். பெயர் லச்மி. தகனினியில் மகன் வினய்யோடு இருக்கிறார். அவருடைய மாமனாரின் தகப்பனார் ஃபிஜியில் கரும்புத் தோட்டம் தோட்டமாகப் படம் கொண்டுபோய்க் காட்டியவராம். அவர் விட்டுப்போன ஏழு தகரப் பெட்டிகள் வீட்டுச் சாமான்களோடு கப்பலில் ஆக்லாந்து வந்து, கராஜில் புல்வெட்டும் இயந்திரத்துக்குப் பின்னால் கிடந்தன. லச்மி அக்காவிடம் மிஞ்சியிருக்கும் தமிழ் பத்துப் பன்னிரண்டு சொற்கள். அவற்றில் ஒன்று "படப்பெட்டி".

முதல் பெட்டியைத் திறந்து ஃபிலிமின் நுனியைக் கராஜ் கதவு வெளிச்சத்தில் பிடித்தேன். தபால்தலை அளவுச் சட்டத்துக்குள் தமிழ். "கொழும்புத் துறைமுகம், ஏழாம் கிட்டங்கி." நான் பேராதனையில் தமிழ் சிறப்புப் பட்டம் எடுத்தவன். இரண்டு வருடம் உதவி விரிவுரையாளராக இருந்தவன். இந்த நாட்டில் அந்தக் காகிதங்களை ஒருவரும் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. இருபத்தாறு வருடமாக நீதிமன்றத்திலும் ஆஸ்பத்திரியிலும் மற்றவர்களின் பேச்சை ஆங்கிலத்துக்கு மாற்றிக் கொடுக்கிறேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக எனக்கென்று ஒன்று கிடைத்தது என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு பதினாறு சனிக்கிழமைகள் மோட்டர்வேயில் தகனினிக்குப் போனேன். அந்தக் கால ஃபிலிம் சட்டென்று தீப்பிடிக்கும் என்பதால் தீயணைக்கும் சிலிண்டர் ஒன்றைக் காலடியில் வைத்துக்கொண்டு, உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்து, காட்சிகளுக்கு நடுவே கதை சொல்ல வரும் நூற்றுப் பன்னிரண்டு எழுத்து அட்டைகளை ஒரு கொப்பியில் எழுதினேன். பெர்லின் கம்பெனியும் லண்டன் கம்பெனியும் சேர்ந்து எடுத்த படம் என்று பழைய கொழும்புப் பத்திரிகைகளில் தேடிப் பிடித்ததும் நான். பெர்லினில் அட்டைத் துறைமுகம், கொழும்பில் உண்மைத் துறைமுகம். ஜெர்மன் நடிகர் ஒருவர் முகத்தில் மை பூசிக்கொண்டு தமிழ்க் கணக்கப்பிள்ளையாக வருகிறார். பெர்லினில் கதவைத் திறந்தவர் கொழும்பில் வெளியே வருகிறார். லச்மி அக்கா அதைக் கேட்டுவிட்டு அரை மணித்தியாலம் சிரித்தார்.

உங்களைக் கூப்பிட்டதும் நான்தான். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளன் சொன்னால் காப்பகத்தார் எழுந்து வரமாட்டார்கள், பல்கலைக்கழகத்தில் படம் கற்பிக்கும் ஒருவர் சொன்னால் வருவார்கள் என்று நினைத்தேன். வந்தார்கள். படத்தின் கதையை நீங்கள் என்னிடம் ஒருநாளும் உட்கார்ந்து கேட்கவில்லை. கொப்பியைத்தான் கேட்டீர்கள். "ரெண்டு நாள்ல தந்துடறேன் சார்" என்றீர்கள். தந்தீர்கள். 2024 மார்ச்சில் நான் சிட்னிக்குக் கலியாணம் ஒன்றுக்குப் போன கிழமை, வினய் கையெழுத்துப் போட, வாகனம் வந்து பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போனது. படிவத்தில் "கண்டெடுத்தவர்" என்ற கட்டத்தில் உங்கள் பெயர்.

சிறுநூல் அச்சாகிவிட்டது, அதை விடுகிறேன். படம் தொடங்குவதற்கு முன் திரையில் ஒரு அறிமுக அட்டை போடுவார்கள். அதில் என் பெயர் வரவேண்டும். கண்டெடுத்தவர், தமிழ் அட்டைகளைப் படியெடுத்தவர் என்று. வேறொன்றும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
நிமலன்


பிளாட் புஷ்
13 மே 2025

அன்புள்ள நிமலன் சார்,

வணக்கம். உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். இந்த ஊரில் எனக்குக் கடிதம் எழுதுவது மின்சாரக் கம்பெனியும் நீங்களும்தான். அவர்கள் இன்னும் கொஞ்சம் அன்பாக எழுதுகிறார்கள்.

முதல் தடவை சந்தித்தபோது நீங்கள் என்னை "நீர்" என்றீர்கள். மதுரையில் ஒருவன் அப்படி ஆரம்பித்தால் சண்டைக்கு வருகிறான் என்று அர்த்தம். என் முகம் மாறியதைப் பார்த்து, யாழ்ப்பாணத்தில் அது பிரியமானவர்களுக்குக் கொடுக்கும் மரியாதை என்று விளக்கினீர்கள். இந்தக் கடிதம் முழுக்க "நீங்கள்". என்னை எவ்வளவு தூரத்தில் வைத்திருக்கிறீர்கள் என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

எல்லாம் உங்கள் பக்கம் நியாயம் மாதிரி எழுதியிருக்கிறீர்கள். என் பக்கத்தையும் எழுதிவிடுகிறேன். பெட்டிகளைக் காப்பகத்துக்குக் கொடுக்கலாம் என்று நான் முதலில் சொன்னது 2023 ஏப்ரலில். நீங்கள் விடவில்லை. கட்டுரை முடியட்டும் என்றீர்கள். அப்புறம் படிவத்தில் யார் பெயர் முதலில் என்று ஆரம்பித்தது. டிசம்பரில் லச்மி அக்கா வீட்டு காரேஜில் நின்றுகொண்டு நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. "என்ர பேர் முதல் வரட்டும், பிறகு பெட்டி வெளிக்கிடட்டும்" என்றீர்கள். பக்கத்தில் நின்ற வினய் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இது வெடிக்குமா என்று கேட்டான். அவன் குழந்தைகள் அந்தச் சுவருக்கு மறுபக்கம்தான் தூங்குகிறார்கள். அந்த ஜனவரி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே மூன்றாம் சுருள் வெல்லக்கட்டி மாதிரி ஒட்டிப்போய்விட்டது. காப்பகத்தில் கத்தியை வைத்துப் பிரித்துப் பார்த்தார்கள். பொடியாக உதிர்ந்தது. ஒரு அடிகூட மிஞ்சவில்லை. உங்கள் பதினொரு மாதத்தில் செத்தது அது.

அதனால்தான் நீங்கள் ஊரில் இல்லாத வாரம் வாகனத்தை வரச்சொன்னேன். இருந்திருந்தால் கொடுத்திருக்க மாட்டீர்கள். படிவத்தில் என் பெயர் போட்டது தப்பு என்றால் தப்புதான். ஆனால் கட்டத்தைக் காலியாக விட்டால் அவர்கள் வாங்க மாட்டார்கள்.

இன்னொன்று. "பழைய படம் ஒன்று கிடைத்தது" என்றால் விழாக்காரர்கள் பத்தோடு பதினொன்றாகப் போட்டிருப்பார்கள். இதைத் தொடக்க நாளுக்கு எடுத்துக்கொண்டதற்குக் காரணம் நான் எழுதிய விளக்கம். உங்கள் நோட்டில் மூன்று இடத்தில் வரும் மறியல். 1929-இல், வெள்ளைக்காரன் பணம் போட்டு எடுத்த ஒரு குற்றப் படத்துக்குள், ஆறு மாதம் மறியல் செய்துவிட்டு வரும் கதாநாயகன். வாசல் கதவுக்கு முன்னால் தரையில் வரிசையாக ஆட்கள் உட்கார்ந்திருக்கும் அந்தக் காட்சியைப் பார்த்ததும் எனக்குப் புல்லரித்தது. கள்ளுக்கடை மறியல் நடந்த காலம் இல்லையா. நம் விடுதலை இயக்கத்தைத் திரையில் காட்டிய முதல் படமாக இது இருக்கலாம். அவன் செய்வது திருட்டே இல்லை, புறக்கணிப்பு. அப்படித்தான் படத்தை வாசித்திருக்கிறேன். இங்கிலாந்துப் பத்திரிகை ஒன்றும் கட்டுரையை எடுத்துக்கொண்டிருக்கிறது.

இதில் உங்கள் உதவி ஒன்று வேண்டும். அந்த மூன்று இடத்திலும் உங்கள் நோட்டில் மை பரவியிருக்கிறது. காப்பகத்து ஸ்கேனில் அந்த அட்டைகள் பாதி அரித்துப்போய்விட்டன. "மறியல்" தானே? நீங்கள் ஒரு "ஓம்" சொன்னால் போதும், திரையில் கீழே ஓடும் ஆங்கில எழுத்துகளை முடித்துவிடுவேன்.

அறிமுக அட்டைக்கு முயற்சி செய்கிறேன். வாக்குத் தரமாட்டேன்.

அன்புடன்,
பாஸ்கரன்


கிளென் ஈடன்
20 மே 2025

டாக்டர் பாஸ்கரன் அவர்களுக்கு,

ஓம். மூன்று இடத்திலும் "மறியல்"தான். ம, றி, ய, ல். வல்லின றகரம். மை பரவியது லச்மி அக்கா வைத்த தேநீர்க் கோப்பையால்.

அட்டை 41: "ஆறு மாத மறியல் முடிந்து வெளியே வருகிறான்."
அட்டை 47: "மறியற்காரன் என்று ஊர் கதவை அடைக்கிறது."
அட்டை 103: "இனி எனக்கு மறியல் பயம் இல்லை."

எழுத்தைக் கேட்டீர்கள், எழுத்தைச் சொல்லியிருக்கிறேன். நீதிமன்றத்தில் பழகியவன் நான். கேட்ட கேள்விக்குத்தான் பதில்.

மூன்றாம் சுருளைப் பற்றி நீங்கள் எழுதியதற்கு இந்தக் கடிதத்தில் பதில் இல்லை. அறிமுக அட்டையைப் பற்றிய உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

நிமலன்


பிளாட் புஷ்
12 ஜூன் 2025

அன்புள்ள நிமலன் சார்,

முதலில் நல்ல செய்தி. அட்டை போட்டாயிற்று. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து, பத்து விநாடி. "கண்டெடுத்தவர்: நிமலன். தமிழ் அட்டைகளின் வாசிப்பும் பொருளும்: நிமலன்." என் பெயர் அதற்கடுத்த அட்டையில், கட்டுரை எழுதியவன் என்று மட்டும். விழா இணையத்தளத்திலும் மாற்றச் சொல்லிவிட்டேன். காப்பகத்துப் படிவத்தைத் திருத்த வினய்யிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். லச்மி அக்கா பக்கத்தில் நின்று, "முன்னாடியே பண்ணியிருக்கலாம்ல" என்கிற தொனியில் இந்தியில் ஏதோ சொன்னார். வினய் எனக்கு மொழிபெயர்க்க மறுத்துவிட்டான்.

முயற்சி செய்கிறேன் என்றுதான் எழுதியிருந்தேன். இரண்டு வாரம் எதுவும் செய்யவில்லை. அப்புறம் உங்கள் பதிலைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அவ்வளவு கோபத்திலும் அட்டை எண் போட்டு, றகரம் எது என்று சொல்லி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்தக் கடிதத்துக்குப் பதிலே போட்டிருக்க மாட்டேன். வெட்கமாகப் போய்விட்டது.

வெட்கப்பட இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் நோட்டைப் படிப்பதற்கென்று சொல்லித்தான் இரண்டு நாள் வாங்கினேன். அன்றைக்குத் தகனினியிலேயே பெட்ரோல் பங்க் பக்கத்தில் காரை நிறுத்தி, எல்லாப் பக்கத்தையும் போனில் படம் எடுத்துவிட்டேன். இரண்டு நாளும் நோட்டு காரில்தான் கிடந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை.

ஜூலை 19, சனிக்கிழமை. இரண்டு டிக்கெட் வைத்திருக்கிறேன். படத்துக்கு முன்னால் நீங்கள் ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்று விழாக்காரர்கள் கேட்கிறார்கள். மறியல் என்ற சொல்லைப் பற்றியே பேசுங்கள். என்னைவிட நீங்கள் நன்றாகச் சொல்வீர்கள். படத்தின் இறுதிக் கோப்பு ஜூலை 7 அன்று பூட்டப்படும். அதற்குமுன் ஆங்கில எழுத்துகளில் ஏதாவது மாற்ற வேண்டும் என்று தோன்றினால் சொல்லுங்கள். தோன்றாது என்று நினைக்கிறேன்.

உங்கள் பதிலில் எத்தனை "நீங்கள்" வருகிறது என்று இந்தத் தடவையும் எண்ணிப் பார்ப்பேன்.

அன்புடன்,
பாஸ்கரன்


கிளென் ஈடன்
29 ஜூன் 2025

பாஸ்கரன்,

உமது கடிதம் வந்து இரண்டு கிழமை ஆகிறது. நாலு பதில் எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

மறியல் என்றால் எங்கள் ஊரில் சிறை. வேறு பொருளே கிடையாது. அவனை மறியலில் போட்டார்கள், மறியலால் வந்தான், மறியல்வீட்டுச் சாப்பாடு. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். படம் கொழும்பில் காட்ட அட்டை எழுதிய படம். எழுதியவர் யாரோ எங்கள் ஆள். உம்முடைய கதாநாயகன் எந்தக் கள்ளுக்கடை முன்னாலும் உட்காரவில்லை. இரத்தினக் கல் களவு போன வழக்கில் அவனைக் கூட்டாளியே காட்டிக்கொடுக்கிறான். ஆறு மாதம் சிறையில் இருந்துவிட்டு வெளியே வருகிறான். அந்த வாசல் மறியல் வீட்டு வாசல். தரையில் இருப்பவர்கள் உள்ளே இருப்பவர்களைப் பார்க்க வந்த சொந்தக்காரர். ஊர் கதவை அடைப்பது சிறைக்குப் போய் வந்தவன் என்பதால். கடைசியில் அவன் சொல்வது, இனி எனக்குச் சிறைக்குப் போகப் பயமில்லை என்று. சொல்லிவிட்டுத்தான் கூட்டாளியின் வீட்டுக்குப் போகிறான்.

கொப்பியில் அதற்குப் பொருள் எழுதாமல் விட்டேன். தண்ணீர் என்ற சொல்லுக்கு யாராவது பொருள் எழுதுவார்களா?

மே 13 கடிதம் வந்த அன்றே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. உம்முடைய கட்டுரை, விழாவின் தொடக்க நாள், இங்கிலாந்துப் பத்திரிகை எல்லாம் ஒரு சொல்லின் மேல் நிற்கின்றன, அந்தச் சொல் பிழை. ஆறுதலாக உட்கார்ந்து தேநீர் குடித்தேன். மண்டபம் நிறைந்திருக்கும், அதில் முப்பது யாழ்ப்பாணத்தாராவது இருப்பார்கள், ஆங்கில எழுத்து திரையில் வந்ததும் பின்வரிசையில் யாராவது சிரிக்கத் தொடங்குவார்கள் என்று கணக்குப் போட்டேன். அதற்காகத்தான் "ஓம்" என்று எழுதினேன். வல்லின றகரம் என்று எழுதியது உம்மை நம்பவைக்க. அந்தக் கடிதத்தைப் பார்த்துத்தான் உமக்கு வெட்கம் வந்தது என்கிறீர். அந்த வரியை என்னால் இரண்டாம் தடவை வாசிக்க முடியவில்லை.

அதற்கிடையில் நீர் என் பெயரைப் போட்டுவிட்டீர். பொருளுக்குப் பொறுப்பு நான் என்று. கேட்டது நான்தானே.

என் மகள் பிரணவி இந்த வீட்டில் தமிழில் வாய் திறப்பது குறைவு. போன ஞாயிறு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு குசினிக்கு வந்து, "அப்பா, உங்கட பேர் இருக்கு" என்றாள். அவளுடைய அலுவலகச் சிநேகிதர்கள் எட்டுப் பேருக்கு டிக்கெட் எடுத்துவிட்டாளாம். உமது விளக்கத்தை வாசித்துவிட்டுக் கேட்டாள்: "மறியல் எண்டா புரொடெஸ்ட் தானே?"

நான் "ஓம்" என்றேன்.

உமக்கு எழுதிய ஓமில் பொய் இல்லை என்று இவ்வளவு நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அவளுக்குச் சொன்ன ஓமைப் பற்றி அப்படிச் சொல்ல வழியில்லை. அவள் இனி அந்தச் சொல்லை அப்படித்தான் வைத்திருப்பாள். அவளிடம் இருக்கும் தமிழ் கொஞ்சம். அதிலும் ஒன்றை நான் பிழையாகக் கொடுத்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை நீதிமன்றத்தில் வேலை. எங்கள் ஆள் ஒருவர், குடித்துவிட்டு வாகனம் ஓட்டியது, மூன்றாம் தடவை. நீதிபதி வாய் திறப்பதற்கு முன் அவர் என் பக்கம் சரிந்து மெல்லக் கேட்டார்: "அண்ணை, எனக்கு மறியலோ?" காதில் விழுந்ததெல்லாம் சொல்வதென்று சத்தியம் செய்துவிட்டுத்தான் நான் அங்கே நிற்கிறேன். தான் சிறைக்குப் போகிறாரா என்று கேட்கிறார் என ஆங்கிலத்தில் சொன்னேன். சொல்ல ஒரு விநாடிகூட எடுக்கவில்லை. பிறகு தண்ணீர் குடிக்க வெளியே போய், கதிரையில் இருந்துவிட்டு வந்தேன்.

மூன்றாம் சுருளைப் பற்றி நீர் எழுதியதற்குப் பதில் சொல்கிறேன். இறுகிக் கிடந்ததால் அதைக் கடைசிக்கு விட்டிருந்தேன். முழுக்க ஒட்டிப்போவதற்கு முன், அந்த டிசம்பரில், முதல் சில அடிகளை நான் பிரித்துப் பார்த்திருக்கிறேன். மேசை, நீதிபதி, பொய்மயிர்த் தொப்பி. ஒரு அட்டை. "ஆறு மாதக் கடூழிய மறியல்." கொப்பியில் ஏற்ற அடுத்த சனிக்கிழமை வரலாம் என்று விட்டேன். அடுத்த சனிக்கிழமை நீர் வந்தீர், படிவம் வந்தது, பேச்சு வேறு பக்கம் போனது. அந்தச் சுருள் இருந்திருந்தால் உமக்கு இந்தப் பிழை வந்திருக்காது. அது போனது என்னால். அதை நீர் சொன்னபோது கோபம் வந்தது, சரியாகச் சொன்னதால் வந்தது. அந்த அட்டையைப் பார்த்தவன் இப்போது உலகத்தில் நான் ஒருவன்தான்.

இதை வாசித்துவிட்டு நான் உம்மை மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். கொப்பியை வாங்கி, பெட்ரோல் நிலையத்தில் நின்று படம் எடுத்தவர் நீர். நான் சிட்னியில் கலியாணச் சாப்பாட்டில் இருந்த நேரம் வாகனத்தை வரச்சொன்னவர் நீர். ஒரு சொல்லுக்குக் கூட என்னைக் கேட்காமல் ஒரு வருடம் கட்டுரை எழுதியவர் நீர். அகராதியைத் திறந்திருந்தாலும் அதில் அந்தப் பொருள் இருந்திருக்கும். கேட்டிருந்தால் முதல் வருடத்திலேயே சொல்லியிருப்பேன், சிரித்திருப்போம். நீர் செய்தது எனக்கு இன்னும் நோகிறது. என் நோவைக் காட்ட நான் தெரிந்தெடுத்த வழியில் படம்தான் அடிபடுகிறது. அந்தப் படம் எனக்கு ஒன்றும் செய்யவில்லை.

இத்தோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். ஆங்கிலத்தில், ஒரு பக்கம். விழாக்காரருக்கு எழுதியது. மூன்று அட்டையின் எண், இலங்கையில் அந்தச் சொல்லின் பொருள், பழைய கொழும்புப் பத்திரிகைகளில் அது வரும் மூன்று இடங்கள், அகராதியின் பக்கம். உமக்கு வைத்திருப்பது பிரதி. மூலத்தை நாளை போடுகிறேன். வியாழனோ வெள்ளியோ அவர்கள் கையில் கிடைக்கும். ஏழாம் தேதிக்கு முன் ஆங்கில எழுத்தை மாற்ற நேரம் இருக்கிறது. அவர்கள் உம்மைக் கூப்பிடுவதற்கு முன் நீரே கூப்பிட்டுச் சொன்னால் பிழையைத் திருத்தியவர் நீராக இருப்பீர். விளக்கத்தை என்ன செய்வதென்று உமக்குத் தெரியும். அறிமுக அட்டையின் இரண்டாம் வரியை எடுத்துவிடச் சொல்லும். முதல் வரி இருக்கட்டும், அது உண்மை. பத்தொன்பதாம் தேதி நான் பேசமாட்டேன். பிரணவியிடம் இன்று மத்தியானம் சொல்லிவிடுவேன், சொல்லின் பொருளை மட்டுமாவது.

அந்தத் தாளில் மூன்றாம் சுருள் இல்லை. என்னிடம் இருக்கும் பெரிய ஆதாரம் அதுதான். அதை எழுதினால் பார்த்தவன் யார் என்று கேட்பார்கள். யார் என்று சொன்னால், திரையில் பொருளுக்குப் பொறுப்பு என்று வரும் ஆளே பிழை என்று எழுதுகிறானே, இவ்வளவு நாளும் என்ன செய்தான் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் உமக்குச் சொல்ல முடிகிறது. அவர்களுக்குச் சொல்ல முடியவில்லை. எட்டுச் சிநேகிதர்களோடு இருக்கப்போகும் மகளுக்கு முன்னால் சொல்லவே முடியாது. அந்த அட்டையை நீர் உமது கட்டுரையில் பாவிக்கலாம். யாரிடம் கேட்டீர் என்பதை எழுதுவதும் விடுவதும் உம்முடைய விருப்பம்.

விழாக்காரருக்குப் போகும் தாளின் கடைசியில் என் பெயருக்கென்று இரண்டு அங்குலம் விட்டிருந்தேன். காலையிலிருந்து பேனாவோடு அதற்கு முன்னால் இருக்கிறேன். எழுதுவதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். அந்த இடத்தைக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டு உறையில் வைத்து ஒட்டியாயிற்று. நாளை நீதிமன்றத்துக்குப் போகும் வழியில் அப்படியே தபாலில் போடுகிறேன்.